பதினோராம் குழுவின் நூறு வீதச் சமநிலை

குழு சேர்வது ஒரு பெரிய வேலை என்பது தீபகற்ப உயர் தொழில்நுட்பக் கல்லூரியில் போன வருடம் வரை ஒருவருக்கும் தெரியாது. இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை நாலு நாலு பேராகச் செய்ய வேண்டும். பிள்ளைகள் கன்ரீனில் ரீயும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு இருப்பார்கள். எழும்பும்போது குழு ஆகியிருக்கும். "எங்கடை குறூப்புக்கு வாறியோ?" என்று ஒருவன் கேட்பான். "ஓம்" என்பான் மற்றவன். அவ்வளவுதான் விஞ்ஞானம். இப்படி எந்த ஒழுங்கும் இல்லாமல் சேர்ந்த குழுக்கள் பதினேழு வருடமாகச் செயற்றிட்டங்களை ஒழுங்காகச் செய்து முடித்துச் சான்றிதழோடு வீட்டுக்குப் போயிருக்கின்றன. இதை நினைக்க நினைக்கத் துறைத் தலைவர் கலாநிதி சுபாஸ்கரனுக்கு வயிறு எரிந்தது.

கலாநிதி சுபாஸ்கரன் வெளிநாட்டில் பத்து நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போய் வந்தவர். முதல் மூன்று நாள் அவருக்குச் சளியும் தடிமனும். கடைசி நாலு நாள் சொந்தக்காரர் வீடுகள். இடையில் இருந்த மூன்று நாளில்தான், மாணவரின் திறமைகளைக் கணினிக்குக் கொடுத்தால் அதுவே கணக்குப் பார்த்து மிகப் பொருத்தமான குழுக்களை அமைத்துத் தரும் ஒரு வழிமுறையை அவர் கண்டார். கண்டவர் சும்மா வரவில்லை. பிரதி எடுத்துக்கொண்டு வந்தார்.

'உகந்த குழுவாக்கல் முறைமை' தை மாதம் ஒரு வியாழக்கிழமை, ராகுகாலம் கழித்து அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது. கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, அளவான மாலை கிடைக்காததால் பெரிய மாலையை இரண்டாக மடித்துப் போட்டிருந்தார்கள். அதனால் திரையின் மேல்பாதி தெரியவில்லை. கலாநிதி சுபாஸ்கரன் பேசினார்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! மனிதர்களிடம் தெரிவை விட்டால் என்ன நடக்கும்? தங்களுக்குப் பிடித்தவர்களையும் தெரிந்தவர்களையும் தூக்கி உள்ளே போடுவார்கள். நான் இந்தத் துறைக்குத் தலைவராக வந்ததே அப்படித்தான். ஆகவே அந்த முறையின் கேடு என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. கணினிக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. இனி ஒரு குழுவுக்குள் எல்லோரும் சமம். ஏற்றத்தாழ்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குச் சமநிலை கூடும். கணினி சொன்னதை மனிதக் கை திருத்தலாகாது!"

கைதட்டல் எழுந்தது. கடைசி வசனத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார்கள்.

பிறகு படிவம் வந்தது. மூன்று பக்கம், நாற்பத்து மூன்று திறமைகள். நிரலாக்கம், மின்சுற்று, அறிக்கை எழுதல், தலைமைத்துவம், நெருக்கடியில் புன்னகைத்தல் என்று நீண்டு போனது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் பத்து வரை ஓர் எண்ணைப் போடவேண்டும். ஒன்று பெரிதா பத்து பெரிதா என்று மட்டும் படிவத்தில் எங்கும் இல்லை.

இந்த இடத்தில்தான் எமில்ராஜ் கதைக்குள் வருகிறான். குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கனிசியஸ் கடலுக்குப் போகிறவர். எமில்ராஜுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. கொழும்புத்துறைப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பராமரிக்கும் வேலைக்கு அவனைத் தெரிவு செய்து, ஆவணி முதலாம் திகதி சான்றிதழோடு வா, வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவனுக்கு வேண்டியது அந்தச் சான்றிதழ் மட்டும்தான். பயந்த சுபாவம். ஆனாலும் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவான், அது அவனுடைய துரதிர்ஷ்டம்.

"சேர், இதிலை ஒண்டு எண்டால் திறமோ, பத்து எண்டால் திறமோ?"

"நீர் படிவத்தை வாசிச்சனீரோ?"

"ஓம் சேர்."

"வாசிச்சால் பிறகேன் கேக்கிறீர்? படிவம் தெளிவா இருக்குது."

எமில்ராஜ் யோசித்தான். எங்கள் ஊரில் ஒன்று என்றால் முதலாம் பிள்ளை. பத்து என்றால், பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா முக்காடு போடாத குறையாகப் போய் வருவா. மறுபக்கம் பார்த்தால் பத்துக்குப் பத்து என்பதும் எங்கள் ஊர்தான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விழவேண்டி வரும் என்று கண்டவன், நாற்பத்து மூன்று பெட்டிக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டுக் கொடுத்துவிட்டு பலாலி வீதியில் பஸ் ஏறினான்.

மற்றவர்கள் அவ்வளவு யோசிக்கவில்லை. பாதிப் பேர் ஒன்றைத் திறம் என்று எடுத்தார்கள், பாதிப் பேர் பத்தைத் திறம் என்று எடுத்தார்கள். ஒருவருக்கொருவர் கேட்டிருக்கலாம். ஆனால் நிரலாக்கத்துக்கு என்ன போட்டாய் என்று கேட்டால், போட்டதைச் சொல்லவேண்டும், சொன்னால் கண்ணூறு.

முடிவுகள் வெளிவந்தன. மூன்றாம் குழுவில் நாலு பேரும் நிரலாக்கத்துக்கு ஒன்று போட்டவர்கள். அதில் இரண்டு பேர், கரவெட்டிச் சிவதர்ஷன் உட்பட, தாங்கள் அதில் முதலாம் பிள்ளை என்று நினைத்துப் போட்டவர்கள். மற்ற இரண்டு பேரும் தங்களுக்கு அதில் அ, ஆ கூடத் தெரியாதென்று நினைத்துப் போட்டவர்கள். கணினிக்கு நாலு பேரும் உரித்து வைத்தது போல ஒரே மாதிரி. சமநிலை தொண்ணூற்றாறு வீதம்.

சிவதர்ஷன் போய் விளக்கினான். கலாநிதி சுபாஸ்கரன் பொறுமையாகக் கேட்டார்.

"கொம்பியூட்டருக்கு எல்லாரையும் தெரியும். உமக்குத்தான் உம்மைத் தெரியேல்லை. போய் ஆறுதலா இருந்து யோசியும், உமக்கு உண்மையிலை புறோகிராமிங் தெரியுமோ எண்டு."

சிவதர்ஷன் இரண்டு நாள் உண்மையாகவே யோசித்தான். மூன்றாம் நாள் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பட்டியலின் கடைசி வரியில் எமில்ராஜின் பெயர் இருந்தது. மாணவர் மொத்தம் நாற்பத்தொரு பேர். நாலு நாலாகப் பிரித்தால் பத்துக் குழு, மிச்சம் ஒருவன். அந்த மிச்சத்தைக் கணினி வீணாக்கவில்லை. 'குழு 11. உறுப்பினர்: எமில்ராஜ். தலைவர்: எமில்ராஜ். சமநிலை: 100%.'

அவன் நாலு தரம் வாசித்துவிட்டுக் கலாநிதியின் அறைக்குப் போனான்.

"சேர், என்ரை குழுவிலை நான் மட்டும்தான் இருக்கிறன்."

கலாநிதி சுபாஸ்கரன் எழுந்து வந்து கைகொடுத்தார். "வாழ்த்துக்கள்! கல்லூரி வரலாற்றிலை நூறு வீதம் வந்த முதல் குழு உம்முடையதுதான். ஆளுக்காள் ஒரு துளி வித்தியாசம் இல்லை!"

"இன்னொரு குழுவிலை அஞ்சாவது ஆளாய் என்னைப் போடேலாதோ சேர்?"

"போட்டுப் பாத்தனான். சமநிலை எண்பத்திரண்டுக்கு விழுகுது. நாலு பேரைக் கெடுக்க உமக்கு மனம் வருதோ?"

நல்ல பிள்ளைக்கு அப்படி மனம் வருமா? எமில்ராஜ் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தான்.

வீட்டில் செய்தியைக் கேட்ட கனிசியஸ் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாலு பேர் செய்யிற வேலையைத் தனிய ஒருத்தன் செய்யிறதோ? நீ என்னடா பிழை செய்தனி?"

"பிழை இல்லையப்பா. எங்கடை குழுதான் முதலாவது."

"எங்கடையோ? நீ மட்டும்தானே எண்டாய்."

தாய் லூர்த்தம்மா அடுத்த நாள் விடியப் போய் யாகப்பர் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தா. எந்தத் தேவைக்கென்று யாகப்பருக்கு எப்படி விளங்கப்படுத்தினாவோ தெரியாது.

வேலை தொடங்கியது. மீன்பிடிப் படகின் ஐஸ் பெட்டியில் குளிர் குறைந்தால் மணி அடிக்கும் ஒரு கருவி செய்வதாக எமில்ராஜ் விண்ணப்பித்தான். கருவி அவனுக்குப் பிரச்சினையாகவே இருக்கவில்லை. குழுக் கூட்டம்தான் பிரச்சினை. வாரம் ஒரு கூட்டம் வைத்து, கூட்டக் குறிப்பு ஒப்படைக்க வேண்டும். முதற் குறிப்பில், 'எமில்ராஜ் முன்மொழிய எமில்ராஜ் வழிமொழிய ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினான். முன்மொழிந்தவரே வழிமொழிய முடியாது என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. இரண்டாம் வாரம், 'குழுவுக்குள் ஏற்பட்ட கருத்து முரண்பாடும் அது தீர்க்கப்பட்ட விதமும்' என்ற பகுதியை வெறுமையாக விட்டிருந்தான். அதுவும் திரும்பி வந்தது. 'முரண்பாடு இல்லாத குழு வளராது' என்று கலாநிதி ஓரத்தில் எழுதியிருந்தார்.

மூன்றாம் வாரம் எமில்ராஜ் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினான்: 'மின்கலத்தைப் பெட்டிக்கு வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்பதில் கடும் வாக்குவாதம் ஏற்பட்டது. ஓர் உறுப்பினர் கூட்டத்தை விட்டு வெளியேறினார். தேநீரின் பின் திரும்பி வந்தார். பெரும்பான்மை முடிவுக்குச் சிறுபான்மை கட்டுப்பட்டது.'

இதைக் கலாநிதி சுபாஸ்கரன் மற்றப் பத்துக் குழுக்களையும் கூட்டி வைத்து உரத்து வாசித்தார். "பாருங்கோ! வெளியேறின ஆள் திரும்பி வந்தது. இதுதான் முதிர்ச்சி. உங்கடை குழுவளிலை கோவிச்சுக்கொண்டு போன ஆக்கள் இன்னும் வரேல்லையே!" என்றார். அது உண்மைதான். மூன்றாம் குழுவில் சிவதர்ஷனும் மற்ற முதலாம் பிள்ளையும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. தெரியாத இரண்டு பேரும் மட்டும் நல்ல ஒற்றுமை.

உள்ளதைச் சொன்னால், அந்தக் குழுக்கள் எல்லாம் கூட்ட நேரத்துக்கு மட்டும்தான் இருந்தன. நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் கன்ரீனுக்கு வந்து, பழையபடி பிடித்தவர்களோடு இருந்து வேலையைச் செய்தார்கள். எமில்ராஜின் கருவிக்கு நிரல் எழுதியது சிவதர்ஷன். சிவதர்ஷனின் மின்சுற்றை ஒட்டியது எமில்ராஜ். இது பெரிய குற்றமாகையால் மெல்லிய குரலில் செய்தார்கள்.

ஆனி மாதம் அலுவலகத்து அற்புதராணி எமில்ராஜைக் கூப்பிட்டா. புள்ளிகளைக் கணினியில் பதிவது அவவுடைய வேலை.

"தம்பி, உமக்கு ஒருத்தரும் புள்ளி போடேல்லை. இஞ்சை சிவப்பாக் காட்டுது."

செயற்றிட்டத்துக்கு எண்பது புள்ளி, குழு ஒத்துழைப்புக்கு இருபது. அந்த இருபதையும் போடவேண்டியவர்கள் சக உறுப்பினர்கள். தனக்குத் தானே போட முடியாது. இருபதில் எட்டு வராவிட்டால் எண்பதுக்கு எண்பது எடுத்தாலும் சித்தியில்லை, அடுத்த வருடம் திரும்பச் செய்ய வேண்டும். ஆவணி முதலாம் திகதிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.

"சேர், எனக்குப் புள்ளி போட ஆள் இல்லை."

"அதாவது குழுவிலை ஒருத்தரோடையும் உமக்கு ஒத்துவரேல்லை எண்டுறீர்."

"ஒருத்தரும் இல்லையே சேர்!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கத்தான் இருபது புள்ளி வைச்சது. பாரும், எவ்வளவு திறமாக் கண்டுபிடிச்சிருக்குது."

எமில்ராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபப்பட்டான். கோபத்தில் ஒரு மேன்முறையீடு எழுதினான். மேன்முறையீட்டைப் பெறுபவர் கலாநிதி சுபாஸ்கரன். அதை விசாரிக்கும் சபையின் தலைவரும் அவர், செயலாளரும் அவர். மூன்றாவது உறுப்பினர் ஓய்வு பெற்று இரண்டு வருடம். ஆனாலும் சபை பக்கச்சார்பின்றிக் கூடி இப்படித் தீர்மானித்தது: பதினோராம் குழுவுக்கு ஓர் உறுப்பினரைச் சேர்க்கலாம். மற்றக் குழுக்களில் இருந்து எடுக்க முடியாது, அவற்றின் சமநிலை ஏற்கெனவே கொழும்புக்கு அறிக்கையாகப் போய்விட்டது. ஆகவே, முறைமையில் பதிவாகி எந்தக் குழுவிலும் இல்லாதிருக்கும் ஒருவரைக் கணினியே தெரிவு செய்யும்.

அப்படி ஒருவரும் இருக்க முடியாது என்பது கலாநிதிக்குத் தெரியும். அதனால் எமில்ராஜையும் மற்ற மாணவர்களையும் அலுவலகத்துக்குள் கூப்பிட்டு வைத்து, எல்லோரும் பார்க்க அற்புதராணிக்குப் பொத்தானைக் காட்டி "அமத்துங்கோ" என்றார். கணினி நாலு நிமிடம் யோசித்தது. பிறகு ஒரு வரி வந்தது. அற்புதராணி அதை வாசிக்காமல் கலாநிதியைப் பார்த்தா.

"வாசியுங்கோ, பயப்பிடாமல்."

"குழு பதினொண்டு. புதிய உறுப்பினர், க. சுபாஸ்கரன். சமநிலை நூறு வீதம்."

கலாநிதி எட்டி வந்து திரையைத் தானே பார்த்தார்.

"இதென்ன விசர் வேலை?"

"சேர், படிவம் வேலை செய்யுதோ எண்டு பாக்க முதல் நாள் நீங்கள்தான் உங்கடை பேரைப் போட்டு, எல்லாப் பெட்டிக்கும் அஞ்சு போட்டுப் பாத்தனீங்கள். மாணவர் பட்டியலிலை இல்லாததாலை அப்ப உங்களுக்குக் குழு கிடைக்கேல்லை. எமில்ராஜ் தம்பியும் எல்லாத்துக்கும் அஞ்சு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆக்கள் எண்டு கொம்பியூட்டர் சொல்லுது."

"அதை அழிக்கேல்லையோ?"

"ஒண்டையும் அழிக்கக் கூடாதெண்டு நீங்கள் சுற்றறிக்கை விட்டனீங்கள், சேர்."

கலாநிதி சுபாஸ்கரன் சுவரைப் பார்த்தார். கண்ணாடிச் சட்டம் அங்கேதான் இருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். எந்தப் பள்ளத்துக்குள் விழுந்தாலும் அங்கே நின்று ஒரு உரை ஆற்றுவார்.

"நல்ல தலைவன் தொண்டனோடு தொண்டனாக நிற்பான். இந்த முறைமை என்னையும் விட்டுவைக்கவில்லை என்பதே இதன் நேர்மைக்குச் சாட்சி. மாணவனுக்கு உள்ள எல்லா விதியும் இன்றிலிருந்து எனக்கும் உண்டு!"

கைதட்டல் கூரையைப் பிடுங்கியது. அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இருவரான பதினோராம் குழுவின் முதற் கூட்டத்துக்குக் கலாநிதி சுபாஸ்கரன் நேரத்துக்கு வந்தார். தனக்கும் குழுத் தலைவருக்குமாக இரண்டு கதிரை எடுத்துப் போட்டார். வேலை தரச் சொன்னார். எமில்ராஜ், மூன்று கம்பிகளை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும் என்றான். ஒட்டும் கருவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கலாநிதி கேட்டார். பிடித்த பிறகுதான் கேட்டார். விரலில் பற்பசை பூசிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. மற்றக் கல்லூரிகள் அவரை உரையாற்றக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. இரண்டாம் கூட்டத்து நாள் ஓரிடத்தில் 'குழு வேலையில் சமூகமளித்தலின் அவசியம்' பற்றிப் பேசினார். மூன்றாம் கூட்டத்து நாள் இன்னோரிடத்தில் 'பங்களிக்காத உறுப்பினரை இனங்காணல்' பற்றி. நாலு கூட்டத்தில் மூன்றுக்கு அவர் இல்லை.

கருவி முடிந்தது. குருநகர் இறங்குதுறையில் தகப்பனின் படகில் வைத்துப் பரீட்சித்தார்கள். பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து ஒன்பதாவது நிமிடம் மணி அடித்தது. கனிசியஸ் மூடியைப் பூட்டினார், மணி நின்றது. திறந்தார், மீண்டும் அடித்தது. சின்னப்பிள்ளை மாதிரிப் பத்துத் தரம் செய்தார்.

"நாலு பேர் செய்திருந்தால் இன்னும் பிந்தியிருக்கும்" என்று பக்கத்துப் படகுக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். பார்த்து நின்ற எமில்ராஜுக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. சான்றிதழ் மட்டும் கிடைத்துவிட்டால் போதும்.

புள்ளி போடும் நாள் வந்தது. உறுப்பினர் இருவரும் எதிரெதிரே இருந்து ஒருவருக்கு ஒருவர் இரகசியமாகப் புள்ளி போடவேண்டும். கலாநிதி சுபாஸ்கரன் வாசிக்காமலே இருபதுக்கு இருபது போட்டுக் கையெழுத்தும் வைத்தார். எதையும் வாசிக்காமல் கையெழுத்து வைப்பதுதான் அவருடைய ஒரே கருணைக் குணம். எமில்ராஜின் பேனா நகரவில்லை.

"என்ன யோசிக்கிறீர்?"

"சேர், உங்களுக்கு நான் எப்பிடிப் போடுறது?"

"உள்ளதை உள்ளபடி போடும். நட்புக்கும் பயத்துக்கும் புள்ளி போடுறவன் மேலை ஒழுக்காற்று நடவடிக்கை எண்டு கைநூலிலை நான்தான் எழுதினனான்."

எமில்ராஜ் கைநூலையும் வாசித்திருந்தான். இருபதுக்கு இருபது போட்டால் பொய். பொய் போட்டதற்கு நடவடிக்கை வந்தால் சான்றிதழ் பிந்தும். கண்ணை ஒருதரம் மூடித் திறந்துவிட்டு இரண்டு என்று போட்டான். அந்த இரண்டும் இரக்கத்துக்குப் போட்டதில்லை. வந்த ஒரு நாள் கதிரை எடுத்துப் போட்டாரே, அதற்கு.

ஆடி மாதக் கடைசியில் பெறுபேறு வந்தது. கணினி அச்சடித்த பன்னிரண்டு பக்கத்திலும் துறைத் தலைவர் வழக்கம்போலக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அற்புதராணி கொண்டுபோய் விளம்பரப் பலகையில் ஒட்டினா. கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'குழு 11. எமில்ராஜ் க., சித்தி. சுபாஸ்கரன் க., குழு ஒத்துழைப்பில் சித்தியின்மை. அடுத்த ஆண்டு புதிய குழுவொன்றில் இணைந்து மீளத் தோற்றுதல் வேண்டும்.'

பலகைக்கு முன்னால் நின்றவர்கள் கலைய மத்தியானம் ஆகிவிட்டது. பார்க்காத மாதிரி வந்து பார்த்த விரிவுரையாளர்களே ஏழு பேர்.

முப்பதாம் திகதி எமில்ராஜ் சான்றிதழ் எடுக்கப் போனான். அதில் கையெழுத்து வைக்க வேண்டியவரும் கலாநிதி சுபாஸ்கரன்தான். கதவைத் தட்டி உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். சான்றிதழை இழுத்து, இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக வாசித்து, கையெழுத்து வைத்தார். கொடுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டோ போட்டனீர்?"

"நீங்கள்தானே சேர் உள்ளதைப் போடச் சொன்னியள்."

"ஓம், சொன்னனான்தான்." பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "தம்பி, அடுத்த வருசப் பெடியள் என்னைக் குழுவிலை சேர்ப்பினமோ?"

எமில்ராஜுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சான்றிதழை மெதுவாக அவருடைய கையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"சேர், அவை இப்ப கன்ரீனிலைதான் நிக்கினம். ஒரு ரீயை வாங்கிக்கொண்டு போய் இப்பவே ஆரோடையாவது கதைச்சு வையுங்கோ. கடைசி நேரத்திலை கேட்டால் ஒருத்தரும் எடுக்க மாட்டினம்."